கிளவுட்டில் போட்ட கல்லறை

கிளவுட்டை நான் ஒருபோதும் நம்பியதில்லை. என் பென்டிரைவை நம்பினேன். நடந்ததைப் பார்த்த பிறகு இரண்டின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. கிளவுட்டின் மேல் கொஞ்சம் அதிகம்.

கோலா சாவாவுக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். பள்ளி முடித்ததும் கோலாலம்பூருக்குப் போய் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நிருபராகவும் பிறகு துணையாசிரியராகவும் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றுச் சிரம்பானுக்குத் திரும்பியபோது தோட்டம் பலமுறை கைமாறி, வீடு கட்டி விற்கும் ஒரு கம்பெனியிடம் வந்து நின்றது. கித்தா என்ற ரப்பர் மரங்கள் எப்போதோ எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டன. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ரந்தாவ் பக்கம் மலிவு விலை அடுக்கு வீடுகளிலும் மீதிப் பேர் சிரம்பானிலும் நீலாயிலுமாகப் பிரிந்து போனார்கள். தோட்டத்தில் எங்களுடையது என்று மிஞ்சியது இடுகாடு மட்டும். ஒரு பாதியில் சிலுவைகள், மறு பாதியில் மண்மேடுகளும் சில சமாதிகளும்.

கம்பெனி ஒட்டிய அறிவிப்பை நான் கவனமாகப் படித்தேன். கல் வைத்த கல்லறைகளைத் தோண்டி வேறு நிலத்துக்கு மாற்றித் தருவார்கள். கல் இல்லாதவை என்றால், உறவினர்கள் இடத்தை எழுத்து மூலம் குறிப்பிட்டு விசாரணை நாளில் கொடுக்க வேண்டும். மற்றப் பகுதி ‘சமப்படுத்தப்படும்’. புல்டோசர் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அறிவிப்பை எழுதியவன் தொழில் தெரிந்தவன்.

இதற்காக ஒரு குழு உருவானது. கல் இல்லாத கல்லறைகளைப் பற்றி ஆட்களிடம் கேட்டு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பத்திரிகைக்காரி, கேட்டு எழுதத் தெரியும் என்றார்கள். செயலாளராக வந்தவர் நீலாயில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்பவர். அப்பா அம்மா எங்கள் தோட்டத்துக்காரர்கள். அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டவுனில். நாற்பதைத் தாண்டியவர். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் முன் கைபேசியைத் தடவுவார்.

முதல் கூட்டம் தேவாலய மண்டபத்தில் நடந்தது. நான் லேப்டாப்பில் எழுதி, அதிலேயே சேமித்து, பென்டிரைவில் ஒரு பிரதி, வீட்டில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி வைப்பேன் என்றேன். செயலாளர் சிரித்தார்.

“அக்கா, இன்னும் பென்டிரைவா? மியூசியத்துல கொண்டு போய் வைங்கக்கா.”

“மியூசியத்துல வச்சா பூட்டாவது இருக்கும்.”

“உங்க வீட்டுல வெள்ளம் வந்துச்சுன்னா?”

“எங்க வீடு மேட்டுல இருக்கு.”

“திருடன் வந்தா?”

“திருடன் டிவியத் தூக்குவான். நாலு பேரோட சாவுக் கதைய எதுக்குத் தூக்கப் போறான்?”

“கிளவுட்ல போட்டா உலகமே அழிஞ்சாலும் ஃபைல் இருக்கும் லா.”

“உலகமே அழிஞ்சப்புறம் அதை யாரு படிக்கிறது?”

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவர் பக்கம் வாக்களித்தார்கள். அவர் சொன்ன காரணத்தில் நியாயம் இருந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டு பிரதிகள் இருந்தால் எது கடைசி, எது சரி என்று சண்டை வரும். திருத்தங்கள் எல்லாம் ஒரே இடத்தில் நடக்க வேண்டும். பத்திரிகையில் நானே இளையவர்களிடம் இதைச் சொல்லித் திட்டியிருக்கிறேன். ஆனால் அதே பத்திரிகையில் ஒரு மாலை சர்வர் படுத்துக்கொண்டபோது முதல் பக்கமும் அதனுடன் படுத்ததைப் பார்த்தவளும் நான்தான். அன்றிலிருந்து, கையால் தொட முடியாத இடத்தில் என் எழுத்தை வைத்ததில்லை.

கூட்டத்தின் முடிவு இது. நான் எழுதியதைப் பென்டிரைவில் கொண்டுவந்து செயலாளரிடம் கொடுப்பேன். அவர் குழுவுக்கென்று தொடங்கும் கணக்கில் ஏற்றுவார். அதற்குப் பிறகு வரும் திருத்தம் எதுவானாலும் அங்கே மட்டும். லிங்க் யாருக்கும் கிடையாது, ஏனென்றால் லிங்க் கம்பெனிக்காரன் கைக்குப் போய்விடும் என்று ஒருவர் பயந்தார். பாஸ்வேர்ட் செயலாளரிடம் மட்டும். எழுதியவளுக்கே தன் எழுத்தைப் பார்க்க வழியில்லாமல் செய்த தீர்மானத்தை முன்மொழிந்து, வழிமொழிந்து, கைதட்டி நிறைவேற்றினார்கள்.

எழுதிய வாக்குமூலங்களில் ஒன்று எங்கள் எதிர் லயத்தில் இருந்த அக்காவுடையது. கிறிஸ்தவர். ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மூத்த மகன் நான்கு வயதில் காய்ச்சலில் இறந்தான். அப்போது வைத்த மரச் சிலுவை மக்கிப் போய்விட்டது. பல ஆண்டுகள் கழித்து இறந்த கணவருக்குச் சிமெண்டுச் சிலுவை இருந்தது. ஆகவே கணவரின் கல்லறை புது நிலத்துக்கு மாறும். இடத்தைச் சரியாகக் காட்டாவிட்டால் மகன் அங்கேயே கிடப்பான், மேலே யாரோ வீடு கட்டிக்கொள்வார்கள். அந்த அக்காவுக்கு இதைத் தவிர வேறு கவலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

“அப்பனையும் புள்ளயையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும், அவ்வளவுதான்” என்றார். “எனக்கு அந்த நடுவுல எடம் விடச் சொல்லு.”

இடத்தைக் கேட்டேன். உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம், வேலி ஓரமாகப் போனால் தரை லேசாக மேலேறும், ஏறி முடிகிற இடம் என்றார். அப்படியே எழுதினேன். படித்துக் காட்டினேன். தலையாட்டினார். ஃபைலை மூன்று இடத்தில் சேமித்தேன். பிறகு செயலாளரிடம் கொடுத்தேன், அவர் ஏற்றினார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் காரிலிருந்து கூப்பிட்டார்.

“அக்கா, அந்தம்மா பூசை முடிஞ்சதும் என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. நேர்ல பாக்கணும்னு ஒரே அழுகை. கூட்டிட்டுப் போனேன். நீங்க எழுதுன எடம் தப்பாம். வேற எடம் காட்டுனாங்க. எல்லாத்தையும் மாத்தி அடிச்சுட்டேன். கிளவுட்ல இருக்கு.”

“என்ன மாத்துன?”

“அதான் கிளவுட்ல இருக்கேக்கா. இப்ப ஓட்டிக்கிட்டிருக்கேன், போலீஸ்காரன் புடிப்பான்.”

அதற்கு அடுத்த மாதம் அந்த அக்கா பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. நான் பார்க்கப் போனபோது என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்க முயன்றார். என்ன கேட்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. “எழுதியாச்சு அக்கா, பத்திரமா இருக்கு” என்றேன். பத்திரம் என்ற சொல்லை நான் அவ்வளவு சுலபமாகப் பயன்படுத்துகிறவள் இல்லை.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அச்சடித்த பிரதி கேட்டேன். செயலாளர் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் நான் நீலாயில் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்துகொண்டேன். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. புதுக் கைபேசி வாங்கியதிலிருந்து குழுவின் கணக்கு அவரை உள்ளே விடவில்லை. ‘நீங்கள்தானா?’ என்று கேட்கிறது. நிரூபிக்க வேண்டுமென்றால், பதிவு செய்த எண்ணுக்கு அது அனுப்பும் கோட் வேண்டும்.

“அப்ப அந்த கோட்டைப் போட வேண்டியதுதானே?”

“அந்த நம்பர் இப்ப இல்லக்கா. கமிட்டிக்குன்னு தனியா ஒரு பிரீபெய்ட் சிம் எடுத்தேன். சொந்த நம்பரக் குடுத்தா கண்டவனும் கூப்பிடுவான்ல. அப்புறம் டாப்-அப் பண்ண மறந்துட்டேன். செத்துப் போச்சு.”

“செத்த நம்பருக்கு அது கோட் அனுப்புதா?”

“நம்பரு சாகலக்கா. போன் கம்பெனிக்காரன் வேற யாருக்கோ வித்துட்டான்.”

உலகமே அழிந்தாலும் இருக்கும் என்ற ஃபைலின் சாவி, முகம் தெரியாத ஒருவரின் சட்டைப் பையில் இருந்தது. அவ்வளவு காலம் இதை மறைத்துவைத்திருந்த மனிதர் எனக்கு நெஸ்காப்பி கலந்து நீட்டினார். நான் குடிக்கவில்லை.

அந்த எண்ணுக்கு நானே கூப்பிட்டேன். எடுத்தது ஒரு வயதான ஆண் குரல். தமிழில் ஹலோ சொன்னதும் எனக்கு உயிர் வந்தது.

“வணக்கங்கய்யா. உங்க போனுக்கு இப்ப ஒரு கோட் நம்பர் வந்துச்சுங்களா?”

“வந்துச்சு.”

“அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்ல முடியுங்களா?”



“ஏம்மா, நீ எந்த ஏமாத்துக் கும்பலு? கம்போடியாவா? தமிழ்ல பேச ஆளு வச்சிட்டானுங்களா?”

“ஐயா, நான் சிரம்பான்காரி. ஒரு இடுகாட்டு விசயமா…”

“போன மாசம் ஒருத்தன் பார்சல்னான். அதுக்கு முன்னாடி ஒருத்தன் கோர்ட்டுல கேஸுன்னான். நீ இடுகாடுங்கற. பொணத்த வச்சுமா ஏமாத்துவீங்க?”

“ஒரு சின்னப் புள்ளயோட கல்லறைங்கய்யா…”

“அழுவுவ பாரு இப்ப. அழு, அழு. நான் ரேடியோ கேக்கற மாதிரி கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

நான் அழவில்லை. எங்கே இருக்கிறீர்கள், நேரில் வருகிறோம் என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது.

“தைரியம் இருந்தா கெமாஸுக்கு வா. ஸ்டேசனுக்கு எதிர்க்க சாப்பாட்டுக் கடை. தினம் காலையில அங்கதான் இருப்பேன். வா, மூஞ்சிய பாக்கறேன்.”

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இந்த நாட்டில் போனில் கோட் கேட்கிறவன் திருடன்; வங்கியும் போலீசும் பத்திரிகையும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. அதில் சில செய்திகளை நானே தலைப்புப் போட்டு வெளியிட்டிருக்கிறேன். நாங்கள் உண்மையைச் சொன்னோம். உண்மை ஒரு தேர்ந்த மோசடிக்காரனின் பேச்சைப் போலவே ஒலித்தது.

மறுநாள் காலை செயலாளரும் நானும் கெமாஸுக்குப் போனோம். வழியெல்லாம் செம்பனை. கார் ரேடியோவை நான் அணைத்துவிட்டேன். ஓரிடத்தில் செயலாளர், “அக்கா, பென்டிரைவுல இருக்கறத அப்படியே குடுத்துட்டா என்ன?” என்றார். தப்பான இடம் என்று நீதானே சொன்னாய் என்றேன்.

கெமாஸ்காரர் மேசையில் தனியாக இல்லை. வலது பக்கம் ஒரு நண்பர், இடது பக்கம் ஒரு நண்பர். மூவரும் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டு, பையின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார்.

“வந்துட்டாங்கடா” என்றார் நண்பர்களிடம். பிறகு செயலாளரைப் பார்த்து, “தம்பி என்ன வேலை?”

“கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்ங்க.”

“அப்ப இவன்தான் தலைவன்.”

மூவரும் சிரித்தார்கள். நான் கம்பெனியின் அறிவிப்பையும் என் அடையாளக் கார்டையும் தேவாலயத்தின் கடிதத்தையும் மேசையில் வைத்தேன். கடிதம் பக்கமே அவர் போகவில்லை; முத்திரை யாரும் குத்தலாம் என்றார். அறிவிப்பை மட்டும் மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தார். ‘சமப்படுத்தப்படும்’ என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“இதுக்கு என்னா அர்த்தம்? தள்ளிடுவானுங்களா?”

“ஆமாங்கய்யா.”

“அந்தப் புள்ள பேரு என்னா?”

சொன்னேன்.

“இவனக் கேக்கறேன்” என்று செயலாளரைக் காட்டினார். “நீ சொல்லு, அம்மா பேரு?”

செயலாளர் சொன்னார். கெமாஸ்காரர் இரண்டு நண்பர்களையும் பார்த்தார். ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். மற்றவர், “குடுத்துத் தொலைடா, நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல” என்றார்.

செயலாளர் லேப்டாப்பைத் திறந்தார். கோட் வந்தது. கெமாஸ்காரர் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய், ரயில்வே பழக்கத்தில் ஒவ்வோர் எண்ணாக மலாயில் கத்தினார். லாப்பான், கோசோங், தீகா… கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளர் தட்டினார். திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தாத இடத்திலிருந்து வருகிறீர்கள், உங்களை உறுதிசெய்ய முடியவில்லை என்றது.

“என்னவாம்?” என்றார் கெமாஸ்காரர்.

“இந்த ஊர்ல இருந்து போனா நம்பாதாம்.”

“ஏன்? கெமாஸுன்னா அவ்வளவு கேவலமா அதுக்கு?”

நீலாய் வீட்டிலிருந்து முயன்றால்தான் அது விடும் என்று செயலாளர் விளக்கினார். கெமாஸ்காரர் கேட்டுக்கொண்டார். “போய்க் கூப்பிடு. படிக்கறேன். ஆனா இந்தம்மா பேசணும். உன் கொரலக் கேட்டா எனக்கு இன்னும் கம்போடியாதான் ஞாபகம் வருது.”

சொன்னபடி செய்தார். பிற்பகல் நீலாயிலிருந்து நான் கூப்பிட்டதும் முதல் மணியிலேயே எடுத்து, மறுபடி கத்திப் படித்தார். கணக்கு திறந்தது. “கெடைச்சிருச்சா?” என்றார். கிடைத்துவிட்டது என்றேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஃபைலைத் திறந்து அந்த அக்காவின் பக்கத்துக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம், வேலி ஓரம், தரை மேலேறி முடிகிற இடம். என் வாக்கியங்கள். ஒரு எழுத்துகூட மாறவில்லை. கடைசியாகத் திருத்திய நாள் என்று அது காட்டியது, அவர் ஏற்றிய நாளைத்தான்.

“நான் அடிச்சேன்கா” என்றார் செயலாளர். “சத்தியமா அடிச்சேன்.”

“எங்க வச்சு அடிச்ச?”

“அங்கயேதான். நின்னுக்கிட்டே, போன்ல.”

“அங்க லைன் இருந்துச்சா?”

பதில் துண்டு துண்டாக வந்தது. அந்தத் தோட்டத்துக்குள் கைபேசி லைன் கிடையாது. லைன் இல்லாத இடத்தில் அடித்தது கைபேசியிலேயே காத்திருக்கும், வைஃபை கிடைத்ததும் தானாக மேலே ஏறிவிடும். டேட்டா தீராமல் இருக்க, வைஃபை இருந்தால் மட்டும் ஏறும்படி வைத்திருந்தார். அந்த அக்காவை இறக்கிவிட்டு வீடு திரும்பும் வழியில் சிரம்பானில் ஒரு கைபேசிக் கடையில் நின்றார். பழையதைக் கொடுத்தால் புதியதில் கழிவு. கடைக்காரன் பழையதில் இருந்ததையெல்லாம் அழித்துச் சுத்தமாக்கி வாங்கிக்கொண்டான்.

“சரி. எந்தப் பக்கம் காட்டுனாங்க? அதைச் சொல்லு, நான் எழுதிக்கிறேன்.”

அவர் முகத்தைத் தடவிக்கொண்டார். “அவங்க சொல்லச் சொல்ல அடிச்சுக்கிட்டே இருந்தேன்கா. நிமிர்ந்து பாக்கல. எல்லாம் ஒரே புல்லு. அதான் எழுதிட்டமேன்னு…”

எனக்குத் தெரிந்த வசைச் சொற்கள் எல்லாம் அச்சில் வராதவை. அவற்றில் சிலவற்றைச் சொன்னேன். ஒரு தாய் கையை நீட்டிக் காட்டியிருக்கிறாள். பக்கத்தில் நின்றவன் அந்தக் கை போன திசையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இல்லையென்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கிளவுட்டின் மேல் எனக்கு இருக்கும் பகை அன்றுதான் முழுமையானது. ஃபைலைத் தொலைப்பது சின்னக் குற்றம். காகிதமும் தொலையும், எரியும். இது ஆளின் கண்ணையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்கிறது.

என் பக்கமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. லேப்டாப், பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் மூன்றிலும் அந்த வாக்குமூலம் புள்ளி பிசகாமல் இருந்தது. மூன்றிலும் தப்பாக இருந்தது.

அடுத்த நாள் ரந்தாவில் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தது மகள். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர். இறந்தவனுக்குப் பின் பிறந்தவர், அண்ணனைப் பார்த்ததே இல்லை. விஷயத்தைச் சொன்னோம். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“எங்கம்மாவுக்கு வாய் இருந்தப்ப ரெண்டு தடவ கேட்டீங்க. ரெண்டு தடவையும் சொன்னாங்க. இப்ப தொலைச்சிட்டு வந்து நிக்கிறீங்க.”

“தொலைக்கலக்கா” என்றார் செயலாளர். “சிங்க் ஆகல.”

“என்னது?”

“சிங்க்… அதாவது, போன்ல இருந்து மேல…”

“எங்க வீட்டுல சிங்க் அடுப்படியில இருக்கு. போயி மூஞ்சியக் கழுவிட்டு வா, அப்புறம் பேசு.”

அம்மாவை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இந்த நிலையில் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, உங்கள் வசதிக்கு நோயாளியை அலைக்கழிப்பீர்களா என்று அவர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளறையில் இருந்து தட்டும் ஒலி கேட்டது. அந்த அக்கா இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மகள் உள்ளே போனார். தட்டுவது நிற்கவில்லை. வெளியே வந்த மகள் எங்களைப் பார்க்காமல், “நாளைக்கு எனக்கு ஆஃப். வேன் கொண்டாங்க” என்றார்.

தேவாலயத்து வேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. லாரிகள் போகும் செம்மண் சாலையில் போய், இடுகாட்டின் கம்பி வாசலில் நிறுத்தினோம். வேனிலிருந்து இறக்கப் போனபோது அந்த அக்கா தலையை வேகமாக ஆட்டினார். இடது கையால் வேன் கதவை அடித்தார்.

“பயந்துட்டாங்க போல” என்றார் செயலாளர்.

“பயமா? எங்கம்மாவுக்கா?” என்றார் மகள். “கைய பாரு. சுத்திப் போகச் சொல்றாங்க.”

சுற்றிப் போனோம். லயங்கள் இருந்த இடத்தில் நிற்கும் செம்பனைகளுக்கு நடுவே, வேன் போகிற வரை போய், பிறகு நாற்காலியில் வைத்துச் செயலாளரும் வேன் ஓட்டுநரும் தூக்கினார்கள். இடுகாட்டின் பின்புறம் என்று நான் நினைத்திருந்த இடத்தில், புல்லுக்குள் இரண்டு சிமெண்டுத் தூண்கள் இருந்தன. வாசல் தூண்கள். லயத்திலிருந்து பிணம் வந்த வழி அதுதான். லாரிச் சாலையும் கம்பி வாசலும் செம்பனை வந்த பிறகு போட்டவை.

அந்தத் தோட்டத்தில் பிறந்த எனக்கு அது தெரியாது. நாங்கள் இந்துக்கள்; எங்கள் வீட்டுப் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. வீட்டு வாசலில் அழுதுவிட்டுக் குளிக்கப் போய்விடுவோம். என் அப்பா போனபோதுகூட நான் பாதி வழியில் நின்றுவிட்டேன். நான் அந்த இடுகாட்டுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது குழுவின் வேலைக்காக, கம்பி வாசல் வழியாக. கிறிஸ்தவப் பெண்கள் கல்லறை வரை போவார்கள். அந்த அக்கா தூண்களுக்கு நடுவே நுழைந்து இடது கைப் பக்கம் திரும்பியவர். நான் எதிர்ப்புறமிருந்து நுழைந்து அவருடைய இடதை என் இடது என்று எழுதிக்கொண்டேன். கம்பெனியின் ஆட்கள் அந்தத் தாளைப் பார்த்துத் தோண்டியிருந்தால், எங்கள் பாதியில் இருக்கும் மண்மேட்டில் எவருடைய எலும்பையோ எடுத்து அவர் கணவருக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள்.

விசாரணை நாளில் நாங்கள் கொடுத்த தாள் அங்கே அந்தப் புல்லில் நின்று எழுதியது. இரண்டு தூண்களில் இருந்தும் அளந்து எழுதினேன். மகள் கையெழுத்துப் போட்டார், அம்மாவின் இடது கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார். அதிகாரி வாங்கிப் படித்து, நகலில் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். வேலை தொடங்கும்போது முதலில் அந்த இடத்துக்குப் போகச் சொல்கிறேன் என்றார்.

ஆனால் அன்று எழுதுவதற்கு முன், இடத்தைக் குறிக்க ஒரு குச்சியை ஊன்ற வேண்டியிருந்தது. அந்த அக்கா இடது கையை உயர்த்தி நீட்டினார். செயலாளர் குச்சியோடு வேலி ஓரமாக மேடேறினார். ஓரிடத்தில் ஊன்றித் திரும்பிப் பார்த்தார். அந்த அக்கா நாற்காலிக் கையை அடித்தார். இல்லை.

“இன்னும் மேல” என்றார் மகள். “போ, போ. போதும் நில்லு, ஒரேயடியா கிளவுட்டுக்கு ஏறிடாத.”

ஊன்றினார். நாற்காலி மறுபடி அடி வாங்கியது. பிடுங்கி, ஒரு முழம் தள்ளி ஊன்றினார். மறுபடி. செயலாளரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கைபேசி பையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை இடப்பக்கம் அசைந்தால் இடப்பக்கம் நகர்ந்தார், கீழே அசைந்தால் ஓரடி இறங்கினார். வேலிக்கு மிக அருகில், தரை ஏறி முடிந்து சமமாகும் இடத்தில், அந்தக் கை நின்றது.

“இங்கயாம்மா?” என்று கத்தினார்.

அந்த அக்கா கையை மடக்கினார், நீட்டினார், மடக்கினார். எங்களுக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது.

“ஆழமா அடிக்கச் சொல்றாங்க. மழையில போயிடுமாம்.”

செயலாளர் ஒரு கல்லைத் தேடி எடுத்துக் குச்சியின் தலையில் அடிக்கத் தொடங்கினார். குச்சி முக்கால்வாசி மண்ணுக்குள் போகும் வரை அந்த அக்கா கையை இறக்கவில்லை.